தலைக்காயத்துக்குப் பின் எட்டாவது மாதம்: முதலில் களைப்பைப் பிடியுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவருக்கு 36 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கவுண்டரும் கணக்கும் பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடி. மூளையில் இரத்தக்கசிவு, பல நாள் நினைவில்லை. வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்து, இப்போது நடக்கிறார், கதைக்கிறார், தானே சாப்பிடுகிறார். "கடைசி ஸ்கானில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் காலை பத்து மணிக்கே களைத்துப் படுக்கிறார். வெள்ளன சொன்னது மத்தியானம் நினைவில்லை. பிள்ளை சத்தம் போட்டால் தட்டைத் தூக்கி எறிகிறார். மாமி, 'வேலைக்குப் போகப் பஞ்சி' என்கிறா. இவர் எப்போது பழையபடி ஆவார்? வேலைக்கு எப்போது விடலாம்?"

நான் வைத்தியர் இல்லை. புனர்வாழ்வுப் பிரிவுகளில் தொழிற்சிகிச்சையாளராகப் பல வருடம் வேலை செய்தவள். குளிப்பது, உடுப்பது, சமைப்பது, பஸ் ஏறுவது, வேலைக்குத் திரும்புவது என்று அன்றாட வாழ்க்கையை மறுபடி பழக்குவதுதான் எங்கள் தொழில். ஆகவே மருந்தைப் பற்றி நான் சொல்லும் எதையும் கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமிக்கு ஒரு பதில். ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் மூளையில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. சீ.டீ ஸ்கான் காட்டுவது இரத்தக்கசிவு, வீக்கம், எலும்பு முறிவு. அதாவது சத்திரசிகிச்சை நிபுணருக்கு அவசரமாகத் தெரியவேண்டியவை. வேகமாகப் போன தலை திடீரென்று நிற்கும்போதும் சுழலும்போதும் மூளையின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் செய்தி கொண்டுபோகும் மெல்லிய நரம்பு இழைகள் ஆயிரக்கணக்கில் இழுபட்டு அறுகின்றன. சீ.டீயில் இவை பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐயில்கூட முழுவதும் தெரிவதில்லை. காலி வீதியை மூடிவிட்டால் வாகனங்கள் டூப்ளிகேஷன் வீதியாலும் ஒழுங்கைகளாலும் சுற்றித்தான் போகும். போய்ச்சேரும், ஆனால் நேரமும் பெற்றோலும் கூடச் செலவாகும். உங்கள் கணவர் ஒரு சாதாரண கதைக்குப் பதில் சொல்லும்போது நடப்பதும் அதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பதில் மட்டும் தெரியும், அதற்குச் செலவான பெற்றோல் தெரியாது.

அதனால்தான் தலைப்பிலேயே களைப்பை வைத்தேன். பெரும்பாலான வீடுகளில் முதலில் மறதியோடு சண்டை போடுகிறார்கள், பிறகு கோபத்தோடு. களைப்பை யாரும் வருத்தமாகவே எண்ணுவதில்லை, பஞ்சி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆனால் தலைக்காயத்துக்குப் பிறகு மிக நீண்ட காலம் நிற்கும் தொல்லைகளில் முதல் வரிசையில் இருப்பது அதுதான். மறதியும் கோபமும் பாதிக்குப் பாதி அதன் முதுகில் ஏறித்தான் வருகின்றன. காலை எட்டு மணிக்கு நினைவில் நிற்கும் பெயர் பின்னேரம் நாலு மணிக்கு நிற்காது. காலையில் சிரித்துக்கொண்டு தாங்கிய பிள்ளையின் சத்தம் பின்னேரம் தட்டாகப் பறக்கும்.

ஒரு வாரம் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழும்பினார், என்ன செய்தார், எப்போது வாடினார், எப்போது கத்தினார். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். எழுதிப் பார்த்த குடும்பங்களில் பலர் கத்தல் எதற்குப் பிறகு வருகிறது என்பதைத் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்: விருந்தினர் வந்துபோன பிறகு, கிளினிக் போய்வந்த பிறகு, கடைத்தெருவில் நின்ற பிறகு, மத்தியான வெயிலில் பஸ்ஸில் வந்த பிறகு. நேர்த்தி வைத்தபடி செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போய், அந்தச் சனத்துக்குள் நின்றுவிட்டு வந்து, அன்றிரவு வீடு அமளிப்பட்ட கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். நேர்த்தியை விடச் சொல்லவில்லை. கூட்டம் இல்லாத ஒரு நாள் காலையில் போகலாம், அந்தோனியார் கோபிக்கமாட்டார்.

கொப்பியில் பார்த்தபின் நாளை மாற்றி அடுக்குங்கள். தலை வேலை காலையில்: வங்கி, மருந்துச் சீட்டு, முக்கியமான கதை, பயிற்சி எல்லாம். அவர் பத்து மணிக்கு வாடுகிறார் என்றால் ஒன்பதரைக்கே ஓய்வு. களைத்து விழுந்தபிறகு எடுக்கும் ஓய்வு பிந்திய ஓய்வு, அதிலிருந்து எழும்ப மணித்தியாலக்கணக்காகும். விழுமுன் எடுத்தால் இருபது நிமிடமே போதும். ஓய்வென்றால் போன் பார்ப்பது அல்ல, டீவியும் அல்ல. திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஃபானைப் போட்டு, கண்ணை மூடிக் கிடப்பது. மத்தியானத்துக்குப் பின் நீண்ட தூக்கம் மட்டும் வேண்டாம், அது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். காலி வீதிப் பக்கம் வீடென்றால் பிரைவேட் பஸ்ஸின் ஹோர்ன் ஒன்றே போதும் ஆளைக் குலைக்க. ஒழுங்கைப் பக்க அறையை அவருக்குக் கொடுங்கள். தீபாவளிக்கும் சித்திரை வருடத்துக்கும் வெடி கொளுத்தும் இரவுகளை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிற ஒரு நாள் வரும். அன்று எல்லாவற்றையும் செய்து முடிக்கப் பார்ப்பார், நீங்களும் சந்தோஷத்தில் விட்டுவிடுவீர்கள். அடுத்த இரண்டு நாளும் படுக்கைதான். நல்ல நாளிலும் அதே அளவு, கூடாத நாளிலும் முடிந்தால் அதே அளவு. அளவைக் கூட்டுவதென்றால் கிழமைக்குக் கொஞ்சம்.

இவ்வளவு செய்தும் களைப்பு அசையவே இல்லையென்றால் வேறு காரணமும் இருக்கலாம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி அடிபட்டிருந்தால் தைரொயிட், கோர்ட்டிசோல் போன்ற ஹோர்மோன்கள் குறையும். இரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தும் உண்டு. இதைக் கிளினிக்கில் நீங்களாகவே கேளுங்கள். குறட்டையும் மூச்சுத் திணறலுமாகத் தூங்குகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

இனி மறதி. நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் ஆளை முன்னால் இருத்தி, "இது யார், சொல்லுங்கோ பார்ப்போம்", "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று பரீட்சை வைப்பது. அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் ஞாபகம் கடுமையாகப் பழுதுபட்டவர் ஊகித்துப் பிழையாகச் சொன்னால், அந்தப் பிழையே மனதில் ஒட்டிக்கொள்ளும். தான் சொன்னது பிழை என்பது ஒட்டாது. பிழைவிட இடம்கொடாமல் சரியானதையே சொல்லிக்கொடுத்துப் பழக்குவது இப்படிப்பட்டவர்களுக்கு நல்லது என்பதை 1990களிலேயே இங்கிலாந்தில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே "இது யார்?" வேண்டாம். "அண்ணா, இது உங்கட மச்சான், பம்பலப்பிட்டியில் இருக்கிறவர்" என்று சொல்லிக்கொண்டே வரட்டும்.

போனில் விற்கும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அந்த விளையாட்டில் கெட்டிக்காரராவார். திறப்பை எங்கே வைத்தேன் என்பதற்கு அது உதவாது. உதவுவது வெளியே வைக்கும் ஞாபகம்தான். ஒரே ஒரு கொப்பி, அவர் கையெழுத்திலேயே. போனில் அலாரம், அதோடு என்ன செய்யவேண்டும் என்ற எழுத்தும். திறப்பு, பேர்ஸ், அடையாள அட்டைக்கு வாசலில் ஒரே ஒரு பெட்டி. ஏழு நாளுக்கும் பிரித்த குளிசைப் பெட்டி. கொப்பியைப் பார்க்கவேண்டும் என்பதே ஆரம்பத்தில் மறந்துபோகும். அதனால் தேத்தண்ணீரோடு கொப்பி, சாப்பாட்டோடு கொப்பி என்று நிச்சயமாக நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கும். ஆனால் ஒருமுறை படிந்தால் நிற்கும்.

கோபத்துக்கு வருகிறேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, எழும் கோபத்தைப் பிடித்து நிறுத்தும் இடம். மோட்டார் சைக்கிள் விபத்துகளில் அடிக்கடி நசிவதும் அந்த இடம்தான். கோபம் வரும்போது நியாயம் பேசாதீர்கள். குரலைத் தாழ்த்தி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மற்ற அறைக்குப் போங்கள். அடங்கியபின் வழக்கு விசாரணை வைக்காதீர்கள், பாதி அவருக்கு நினைவிருக்காது. "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள்தான் எல்லாரும் மாறிவிட்டீர்கள்" என்று அவர் சொன்னால் அது பொய்யல்ல. தன் குறையை உணரும் திறனே சிலருக்கு அடிபட்டுவிடுகிறது, அதனால் வாதாடி ஒப்புக்கொள்ளவைக்க முடியாது. ஒரு காரியத்தைச் செய்து பார்த்து அவரே கண்டால்தான் உண்டு. வலிப்பு வராமல் லெவிட்டிரசிட்டம் கொடுத்திருக்கிறார்களா என்று மருந்துச் சீட்டில் பாருங்கள். சிலருக்கு அந்த மருந்தே சினத்தைக் கூட்டும். அப்படிச் சந்தேகம் வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. நீங்களாக நிறுத்தவேண்டாம், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். கை நீட்டும் அளவுக்கு வந்தால் பொறுத்துக்கொண்டிருப்பது பக்குவம் அல்ல. மனநல வைத்தியரிடம் காட்டவேண்டும், அதுவரை உங்கள் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கட்டும்.

ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதும் அதே முன்மூளையின் வேலைதான். செய்ய விருப்பம் இருக்கும், தொடங்க வராது. "குளிக்கப் போங்கோ" என்று பத்துத் தரம் சொல்வதைவிடத் துவாயைக் கையில் கொடுத்துவிட்டால் எழும்பிப் போய்விடுவார். ஆனால் முகம் வாடி, சாப்பாடு இறங்காமல், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற கதை வந்தால் அது வேறு. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தலைக்காயத்தோடு வைத்தியசாலையில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வருடத்துக்குள்ளேயே பெரும் மனச்சோர்வு வந்திருந்தது. தன் நிலை புரியத் தொடங்கும்போதுதான் பலருக்கு அது வருகிறது, ஆகவே எட்டாவது மாதம் கவனமாக இருக்கவேண்டிய காலம். சிகிச்சை இருக்கிறது. அவசரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வலிப்பைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. மூளையில் இரத்தம் கசிந்தவர்களுக்கும் மண்டையோடு உள்நோக்கி நொறுங்கியவர்களுக்கும் பிற்காலத்தில் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். வருபவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் 2 வருடத்துக்குள் வந்துவிடும். வந்தால் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதும் வைத்து, நேரத்தைப் பாருங்கள். கையில் திறப்பும் இரும்பும் கொடுப்பது, வாய்க்குள் கரண்டி வைப்பது, தண்ணீர் பருக்குவது ஒன்றும் கூடாது. 5 நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மதுவும் கூடாது. "ஒரு பியர்தானே" என்று வரும் நண்பர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். தலையிடி நாளுக்கு நாள் கூடி, தூக்கக் கலக்கமும் வாந்தியும் வந்தாலும், நன்றாக நடந்தவர் தள்ளாடத் தொடங்கினாலும், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

பலர் கேட்க மறக்கும் ஒன்று: அவருக்கு மணம் தெரிகிறதா? மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு தலையடியில் எளிதில் அறுந்துவிடும். சாப்பாட்டில் உப்பில்லை, ருசியில்லை என்ற சண்டைக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மணம் தெரியாதவர் தனியாக இருக்கும்போது காஸ் சிலிண்டரை அடைத்துவிட்டுப் போங்கள். பழைய கறியை அவர் மணந்து பார்த்துத் தீர்மானிக்க விடாதீர்கள்.

இனிப் "பழையபடி" என்ற கேள்வி. வேகமான முன்னேற்றம் முதல் 6 மாதத்தில். 2 வருடம் வரை தெரியக்கூடிய முன்னேற்றம் இருக்கும். அதற்குப் பிறகும் நிற்காது, ஆனால் அப்போது முன்னேறுவது பெரும்பாலும் பழக்கத்தாலும் ஒழுங்காலும். டயக்னோசிஸ் கார்டில் ஜீ.சீ.எஸ் என்று ஓர் எண் இருக்கும். ஆள் எவ்வளவு சுயநினைவோடு இருந்தார் என்பதை அளக்க 1974இல் கிளாஸ்கோவில் உருவாக்கிய அளவுகோல், 3இலிருந்து 15 வரை. 8உம் அதற்குக் கீழும் கடுமையான காயம். அதைவிட எனக்கு உதவுவது இன்னொரு கேள்வி: விபத்துக்குப் பிறகு எந்த நாளிலிருந்து நடந்தவை அவருக்குத் தொடர்ச்சியாக நினைவிருக்கின்றன? அந்த இடைவெளி ஒரு நாளைத் தாண்டினாலே கடுமையான காயம், ஒரு கிழமையைத் தாண்டினால் மிகக் கடுமை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் கணவருடையது சின்னக் காயம் அல்ல. நூற்றுக்கு நூறு பழைய ஆள் வருவார் என்று சொல்பவரை நம்பாதீர்கள். இனி ஒன்றும் நடக்காது என்பவரையும் நம்பாதீர்கள்.

1848இல் அமெரிக்காவின் வெர்மொன்ட்டில் ரயில்பாதை வேலையில் இருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தால் நுழைந்த இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. குணமே மாறிப்போன மனிதர் என்று பாடப்புத்தகங்களில் அவரைத்தான் காட்டுவார்கள். அந்தப் பாதிக் கதை எனக்குப் பிடிப்பதில்லை. மற்றப் பாதியில் அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டி உழைத்திருக்கிறார். நேரம் தவறாத வேலை, தெரிந்த பாதை. 1860இல் இறந்தது வலிப்பால்.

உங்கள் கணவரின் வேலையையும் அப்படித்தான் பிரித்துப் பார்க்கவேண்டும். புறக்கோட்டைக் கடைக் கவுண்டர் என்றால் ஒரு கையில் பில், மறு காதில் போன், முன்னால் நாலு பேர், தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாரின் கூச்சல், சிங்களத்தில் ஒரு கேள்வி, தமிழில் ஒரு கேள்வி. அடிபட்ட மூளைக்கு இதைவிடக் கஷ்டமான இடம் கொழும்பில் குறைவு. அதே கடையில் ஸ்டோரில் சரக்கு எண்ணிப் பதிவது வேறு வேலை. முதலாளியிடம் நேரே பேசுங்கள்: கிழமையில் மூன்று நாள், காலையில் இரண்டு மணித்தியாலம், கவுண்டர் இல்லை, காசு இல்லை, பக்கத்தில் ஒரு பழைய ஆள். அதற்கு முன் வீட்டிலேயே ஒத்திகை வேண்டும். காலையில் சரியான நேரத்துக்கு எழும்பி, வெளிக்கிட்டு, 100 அல்லது 101 பஸ்ஸில் உங்களோடு போய்த் திரும்பி வந்து, அதன்பிறகும் மத்தியானம் நிற்கக்கூடியதாக இருந்தால் தொடங்கலாம். முழு நேரம் என்று தொடங்கி இரண்டு கிழமையில் நிறுத்தப்பட்டவர்களை மறுபடி எழுப்புவது எங்களுக்குப் பெரும்பாடு.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், பில்லில் ஆங்கிலம் என்று இருந்தவருக்கு மூன்றும் ஒரே அளவில் திரும்பாமல் போகலாம். பேச்சுச் சிகிச்சையாளர் சிங்களத்தில் மட்டும் பரிசோதித்தால் பாதிதான் தெரியும். எந்த மொழியை எங்கே பாவித்தவர் என்பதை எழுதிக்கொண்டு போங்கள், தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

மோட்டார் சைக்கிள் இப்போது வேண்டாம். ஓட்டோவும் வேண்டாம். கை கால் சரியாக இருந்தாலும் கவனம், வேகம், பக்கப் பார்வை பிந்தியிருக்கும், அது அவருக்கே தெரியாது. வலிப்பு வந்திருந்தால் கேள்வியே இல்லை. "ஓடக்கூடாது" என்பதை நீங்கள் சொன்னால் தினமும் சண்டை. கிளினிக் டொக்டரைக் கொண்டு கொப்பியில் எழுதுவியுங்கள், திறப்பை உங்கள் அண்ணனிடம் கொடுத்துவையுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, தங்கச்சி. இரவில் தூங்குகிறீர்களா? கிழமையில் ஒரு பின்னேரம் மாமியிடம் அவரை விட்டுவிட்டு வெளியே போங்கள். மூன்று மணித்தியாலம் தனியே பார்த்தால் பஞ்சி என்ற கதை மாமி வாயிலிருந்து தானே நின்றுவிடும். கணவன் மனைவி உறவிலும் மாற்றம் வந்திருக்கும். அது காயத்தின் பகுதிதான், டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லலாம்.

அடுத்த கிளினிக்குக்கு டயக்னோசிஸ் கார்ட், ஸ்கான் படங்கள், மருந்துச் சீட்டு, நீங்கள் எழுதிய கொப்பி எல்லாம் கொண்டுபோங்கள். கேட்கவேண்டியவை: ஹோர்மோன் பரிசோதனை, வலிப்பு மருந்து எவ்வளவு காலம், றாகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு ஒரு கடிதம். கோட்டையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ ரயிலிலேயே போகலாம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். விபத்து வேலைக்குப் போகும் வழியில் நடந்ததென்றால் தொழிலாளர் நட்டஈடு கிடைக்குமா என்று தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். மற்ற வாகனம் மோதியதென்றால் அதன் காப்புறுதி பற்றிச் சட்டத்தரணியிடம் சுணங்காமல் கேளுங்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேண்டும். நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்ற மருத்துவச் சான்றின்பேரில் ஈ.பீ.எஃப் காசை எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மை. ஆனால் இரண்டு வருடம் ஆகுமுன் அந்தச் சான்றுக்கு அவசரப்படாதீர்கள். ஸ்டோரில் இரண்டு மணித்தியாலம் எப்படிப் போகிறது என்று முதலில் பார்ப்போம்.